கம்பியில்லா வேலி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இளங்கன்றுகளை மாடு மேயாமலிருக்க முள்கம்பி வேலி போடுவதைக் கண்டிருக்கிறோம். தோட்டத்து முகப்பில் தடுப்புக் கட்டை ஒன்றும், அதன் பக்கத்தில் காவற்காரரின் கொட்டகையும், அதனுள் ஒரு தடித்த குறிப்புப் புத்தகமும் இருப்பதைக் கண்டிருக்கிறோம். எந்த லோரி எத்தனை மணிக்கு வெளியே சென்றது, எத்தனை மணிக்குத் திரும்பியது, எவ்வளவு கட்டிப்பால் ஏற்றிச் சென்றது என்பவையெல்லாம் அப்புத்தகத்தில் ஏறும். மழை பெய்யும் இரவில் காவற்காரர் சற்றே கண்ணயர்ந்தால் ஒரு வரி விடுபட்டுப் போவதும் உண்டு.

இப்பொழுது நம் நாட்டில் பல லோரிகளையும் பேருந்துகளையும் சுற்றி நிற்பது வேறு வகையான வேலியாகும். அதற்குக் கம்பி கிடையாது, கட்டை கிடையாது. கணினியிலுள்ள வரைபடத்தின்மீது ஒரு கோடு மட்டுமே உண்டு. வண்டி அந்தக் கோட்டைத் தாண்டினால் எங்கோ ஓர் அலுவலகத்தில் மணி அடிக்கிறது, அல்லது ஒருவருடைய கைத்தொலைபேசியில் செய்தி வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் இதனை 'ஜியோஃபென்சிங்' என்கிறார்கள். நாம் புவிவேலி என்று சொல்லலாம். தோட்டத்தில் லோரி ஓட்டுவோரும், டிராக்டர் ஓட்டுவோரும், அவர்களுடைய குடும்பத்தாரும் இவ்வேலி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்திருப்பது மிகவும் அவசியம். அஃது ஏன் அவசியம் என்பதை நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

இடத்தை அறிவது எப்படி?

வண்டியின் முன்பலகைக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதனுள் ஜி.பி.எஸ். எனப்படும் இருப்பிடங்காட்டியும், கைத்தொலைபேசியில் உள்ளது போன்ற ஒரு சிம் அட்டையும் இருக்கும். வண்டியின் பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் வருகிறது. இயந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அறிய, சாவித் துவாரத்திலிருந்து இன்னொரு கம்பியும் அதற்கு வரும். இந்த இரண்டாவது கம்பியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வானத்தில் துணைக்கோள் ஒன்று நின்றுகொண்டு நம் லோரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. துணைக்கோளுக்கு நம் லோரி இருப்பதே தெரியாது. தரையிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்குக் குறையாத துணைக்கோள்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. அவை ஒவ்வொன்றும், 'நான் இன்ன துணைக்கோள், இப்பொழுது இவ்விடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் இன்ன நேரம்' என்று வானொலி அலைகளின் வாயிலாக இடைவிடாது அறிவித்துக்கொண்டேயிருக்கும். வண்டியிலுள்ள பெட்டி அதனைக் காது கொடுத்துக் கேட்கிறது; அவ்வளவுதான்.

மின்னல் வெட்டியபின் இடி முழங்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடி விழுந்தது அருகிலா தொலைவிலா என்று நம் பெரியவர்கள் சொல்வார்களல்லவா? பெட்டி செய்யும் கணக்கும் அதே கணக்குத்தான். துணைக்கோள் செய்தியை அனுப்பிய நேரத்திற்கும் அது வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தூரத்தை அறிகிறது. வானொலி அலை ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லக்கூடியது. ஆகவே, தலைக்கு நேர் மேலேயுள்ள துணைக்கோளிலிருந்து செய்தி வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். கடிகாரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் துணைக்கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். பெட்டியிலுள்ள கடிகாரமோ மலிவானது. இடத்தை அறிய மூன்று துணைக்கோள்களின் தூரம் போதுமென்றாலும், இந்த மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்துவதற்காக நான்காவது ஒன்றும் தேவைப்படுகிறது.

இவ்வமைப்பு அமெரிக்க இராணுவத்துக்காக ஏற்பட்டது. முதல் துணைக்கோளை 1978ஆம் ஆண்டில் ஏவினார்கள். 1983இல் 269 பேருடன் சென்ற கொரிய விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பின்னரே இதனைப் பொதுமக்களின் உபயோகத்திற்கும் திறந்துவிடுவதாக அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். அப்பொழுதும் பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அந்தப் பிழை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. திறந்த வெளியில் இன்று சில மீட்டர் அளவுக்குச் சரியாக இடம் தெரிகிறது. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் தத்தம் துணைக்கோள்களை ஏவியிருக்கின்றன. புதிய பெட்டிகள் பல அவற்றையும் கேட்கும்.

உள்ளேயா, வெளியேயா?

இடம் தெரிந்துவிட்டது. அது வேலிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கணினி எவ்வாறு அறிகிறது? வேலி வட்டமாக இருந்தால் கணக்கு எளிது. மாட்டைக் கட்டிய முளையை எண்ணிப் பாருங்கள். முளையிலிருந்து மாடு நிற்கும் தூரம் கயிற்றின் நீளத்துக்குள் இருந்தால் உள்ளே, மீறினால் வெளியே.

ஆனால் தோட்டத்தின் எல்லை வட்டமாக இருப்பதில்லை. ஆற்றோரம் வளைந்து, மேட்டுப் பக்கம் மடங்கி, கம்பத்தை ஒட்டி உள்ளே குழிந்து செல்லும். இதற்குக் கணினி செய்யும் உபாயத்தை உங்கள் பிள்ளைகளுடன் மணலிலேயே செய்து பார்க்கலாம். குச்சியால் தரையில் கோணல்மாணலாக ஓர் எல்லை வரையுங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிய வேண்டும். எங்கேனும் ஒரு கல்லை வையுங்கள். அந்தக் கல்லிலிருந்து ஒரு திசை நோக்கி நேர்கோடு ஒன்றை வெகுதூரத்துக்கு இழுத்து, அஃது எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் வந்தால் கல் உள்ளே இருக்கிறது. இரட்டைப்படையில் வந்தாலும், வெட்டவேயில்லை என்றாலும் கல் வெளியே இருக்கிறது. எந்தத் திசையில் இழுத்தாலும் இந்த விடை மாறாது. ஆசிரியராக இருந்த காலத்தில் இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் ஏதாவது ஒரு கோணலான வடிவத்தை வரைந்து என்னை மடக்கப் பார்ப்பார்கள்; ஒருநாளும் மடக்க முடிந்ததில்லை.

இவ்வாறு உள்ளே, வெளியே என்று தெரிந்தபின், எப்பொழுது எவருக்கு மணியடிக்க வேண்டும் என்பதை முதலாளியோ மேலாளரோ குறித்து வைக்கிறார். இரவு பத்து மணிக்குமேல் லோரி வெளியேறினால் காவற்காரருக்குச் செய்தி போகலாம். பால் ஏற்றிய வண்டி ஆலையின் இரண்டு கிலோமீட்டர் சுற்றுக்குள் வந்ததும் ஆலைக்குச் செய்தி போகலாம். நிறுவைக்காரர் ஆயத்தமாக இருப்பார், ஓட்டுநரும் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. பலமில்லாத பாலத்தைச் சுற்றி ஒரு வேலியிட்டுப் பாரவண்டி அதனை அணுகினாலே எச்சரிக்கலாம். பள்ளிக்கூடத்துச் சாலைக்கும் குடியிருப்புக்கும் தனித்தனி வேக வரம்பு வைக்கலாம். என் அபிப்பிராயத்தில் இக்கடைசி உபயோகமே மிகவும் மேலானது. லயத்து வாசலில் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போனால் அதற்கு ஒரு பதிவு இருக்கத்தானே வேண்டும்?

எரிபொருளும் ஒரு காரணம். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்தது. தகுதி பெற்ற சரக்கு வண்டிகளுக்கு மட்டும் சிறப்பு அட்டையின் பேரில் பழைய விலை நீடித்தது. அதன் பின்னர் விலை மாறி வந்திருந்தாலும், லோரி எங்கே வீணாக இயந்திரத்தை ஓடவிட்டு நிற்கிறது என்று முதலாளிமார் கூர்ந்து பார்ப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பாதுகாப்போ அதனினும் பெரிய காரணம். 2025ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் லோரி மோதியதில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டனர். ஜூன் 9ஆம் தேதி கிரிக் அருகே சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் பேருந்து விபத்தில் உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து பாரவண்டிகளிலும் பேருந்துகளிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேறு, புவிவேலி வேறு. முன்னது வண்டியை வேகம் எடுக்கவிடாது. பின்னது எதையும் தடுக்காது. நடந்ததைத் தெரிவிக்க மட்டுமே செய்யும்.

வேலி பொய் சொல்லும் நேரங்கள்

இனி, வேலி எவ்விடங்களில் தவறும் என்பதைக் காண்போம். கருவி விற்பவர்கள் இதனை அவ்வளவாகச் சொல்வதில்லை.

முதலாவது, மரம். ரப்பர் மரத்தின் அடர்ந்த இலைக்கூரை துணைக்கோளின் மெல்லிய அலையை மேலும் மெலியச் செய்துவிடும். மலைச்சரிவும் வானத்தின் ஒரு பாதியை மறைத்துவிடும். தகரக் கூரைகள் அலையை எதிரொலிக்கும். எதிரொலி சற்றுச் சுற்றி வருவதால், பெட்டி தூரத்தைக் கூடுதலாகக் கணக்கிட்டுவிடும். விளைவு யாதெனில், அசையாமல் நிற்கும் லோரியும் வரைபடத்தில் பத்து, இருபது மீட்டர், சில வேளைகளில் அதற்கு மேலும் அங்குமிங்கும் உலாவும். இலையுதிர் காலத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கும்பொழுது நிலைமை சற்றுத் தேறும்.

இரண்டாவது, இடைவெளி. பெட்டி ஒவ்வொரு நொடியும் செய்தி அனுப்புவதில்லை. முப்பது விநாடிக்கு ஒருமுறை அனுப்புமாறு வைத்திருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லோரி அந்த முப்பது விநாடியில் 500 மீட்டர் கடந்துவிடும். சாலையோரக் கடை ஒன்றைச் சுற்றி நூறு மீட்டர் ஆரத்தில் வட்டமிட்டிருந்தால் அதன் குறுக்களவு 200 மீட்டர்தான். லோரி அதற்குள் நுழைந்து வெளியேறியது பதிவாகாமலே போகலாம். ஆகவே, 'பதிவில் இல்லை, நீ ஆலைக்குப் போகவேயில்லை' என்று ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தொலைபேசி அலை இல்லாத பள்ளத்தாக்குகள். அங்கே பெட்டி செய்திகளைத் தன்னுள் சேமித்து வைத்திருந்து, பட்டணத்துச் சாலையை அடைந்ததும் மொத்தமாக அனுப்பும். அலுவலகத்தில் மணியடித்த நேரம் ஒன்று, சம்பவம் நடந்த நேரம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டையிட்டவர்களை நான் அறிவேன்.

முன்னே கூறிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். வடக்கே ஒரு தோட்டத்துக்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தேன். இருபது ஆண்டுகளுக்குமேல் லோரி ஓட்டிய ஒருவர் அங்கே வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்தார். அவருடைய லோரி ஓர் இரவில் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஏழு முறை எல்லைக்கு வெளியே போய் வந்ததாகக் கணினி தெரிவித்திருந்தது. அம்மாதத்தில் கட்டிப்பால் திருட்டும் நடந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு எவ்வளவு நேரமாகும்? அந்த மனிதர் அதிகம் பேசாதவர். "ஐயா, நான் அன்று ராத்திரி வீட்டைவிட்டு இறங்கவேயில்லை" என்பதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. லயத்தில் சிலர் அவருடைய மனைவியுடன் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

தொழிற்சங்கப் பிரதிநிதி ஒரு நல்ல காரியம் செய்தார். எச்சரிக்கைச் செய்தியை மட்டும் காட்டினால் போதாது, அன்றிரவுக்குரிய முழுப் பதிவேட்டையும் அச்சடித்துத் தரவேண்டும் என்று கேட்டார். நிர்வாகமும் மறுக்கவில்லை. நான்கு பக்கத் தாள் வந்தது. அதில் நேரம், இடம், வேகம், கேட்ட துணைக்கோள்களின் எண்ணிக்கை, சாவியின் நிலை ஆகியவை வரிசையாக இருந்தன. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன கம்பி இங்கேதான் பயன்பட்டது. அன்று மாலை ஏழு மணியிலிருந்து மறுநாள் விடியற்காலை வரையில் சாவி அணைந்தே இருந்தது, வேகம் பூஜ்யம், ஓடிய தூரமும் கூடவில்லை. துணைக்கோள்களின் எண்ணிக்கை நான்குக்கும் ஐந்துக்கும் இடையே தள்ளாடிக்கொண்டிருந்தது. லோரி நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் முதிர்ந்த மரங்கள், மறு பக்கம் தகரக் கொட்டகை. வரைபடத்து எல்லைக்கோடு எட்டடி தள்ளி ஓடுகிறது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு லோரி ஏழு முறை வெளியே போய் வந்திருக்கிறது.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவில்லை. எல்லைக்கோட்டை வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஐம்பது மீட்டரேனும் தள்ளி வரைவது ஒன்று. வெளியே சென்றதாகத் தெரிந்தவுடன் மணியடிக்காமல், இரண்டு நிமிடமாவது தொடர்ந்து வெளியே இருந்தால் மட்டும் மணியடிக்குமாறு அமைப்பது மற்றொன்று. சாவி அணைந்திருக்கும்பொழுது நேரும் சிறு உலாவலைப் பொருட்படுத்தாமல் விடுவது மூன்றாவது. ஆனால் லோரியையே இழுத்துச் செல்லும் திருடர்களும் இருக்கக்கூடும் என்பதால், இந்த மூன்றாவதை யோசித்தே செய்ய வேண்டும்.

சட்டம் கூறுவது

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குவதற்கோ தண்டிப்பதற்கோ முன்னர் உரிய விசாரணை நடத்தப்பட வேண்டும். விசாரணைக்காக இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். அக்காலத்தில் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்து வைத்த மீதியையும் உடனே கொடுத்துவிட வேண்டும். கணினி அடித்த மணி விசாரணையாகாது. தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். இந்த அறுபது நாளைத் தவறவிட்டு வருந்துபவர்கள் உண்டு.

2010ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் தேதி அமலுக்கு வந்தது. வாணிபத் தொடர்பில் ஒருவரைப் பற்றிய தகவலைத் திரட்டும் நிறுவனங்கள், எதற்காகத் திரட்டுகின்றன, எவரிடம் கொடுக்கும் என்பதை அவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். வாசிக்க இயலாதவர்கள் கையொப்பமிடுவதற்கு முன், கிராணியிடமோ தங்கள் பிள்ளைகளிடமோ கொடுத்துப் பொருள் கேட்டுக்கொள்வது நல்லது. லோரியை இரவில் வீட்டுக்குக் கொண்டு செல்ல அனுமதி பெற்றவர்கள், வேலை நேரத்துக்குப் பிறகும் பெட்டி பதிவு செய்கிறதா, அப்பதிவை எவர் பார்க்கிறார், எத்தனை மாதம் வைத்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் தவறொன்றுமில்லை.

பெட்டியின் கம்பியைப் பிடுங்கிவிடுவதும், அலுமினியத் தாளால் அதனை மூடிவிடுவதும் சில இடங்களில் நடக்கின்றன. மின்சாரம் அறுந்த நேரத்தையும் அலை கிடைக்காத நேரத்தையும் பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். அப்படிச் செய்வதே ஒரு குற்றச்சாட்டுக்கு இடங்கொடுத்துவிடும். அது மட்டுமன்று, உண்மையிலேயே குற்றம் செய்யாதவருக்குச் சாட்சி சொல்லக்கூடிய பதிவும் அழிந்துபோகும். அந்த வடக்குத் தோட்டத்து ஓட்டுநர் கம்பியில் கை வைத்திருந்தால் சாவி அணைந்திருந்ததை எவரும் நிரூபித்திருக்க முடியாது.

அவர் ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினார். பிடித்து வைத்த பாதிச் சம்பளம் அந்த மாதக் கணக்கிலேயே வந்து சேர்ந்தது. எல்லைக்கோட்டை மாற்றி வரையும் நாளில் மேலாளர் அவரையே அலுவலகத்துக்கு அழைத்துக் கணினியின் முன் அமர்த்தினார். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் பாலம் எது, அப்பொழுது சுற்றிச் செல்ல வேண்டிய மண்பாதை எது, லோரியைத் திருப்ப இடமுள்ள மேடு எது என்று அவர் விரலால் காட்டக் காட்டக் கிராணி புள்ளியிட்டுக்கொண்டே வந்தார். பழைய வேலியில் அந்த மண்பாதை முழுவதும் வெளியே இருந்தது.